ஆங்கிலத்தில் நேரம் சொல்வது: அட், ஆன், இன் முதல் பை, அன்டில் வரை முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கூலிம் ஹைடெக் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறும் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். சூப்பர்வைசர் சொன்னால் புரியும், பதிலும் சொல்வார்கள். அவர்கள் தடுமாறுவது சின்னச் சின்னச் சொற்களில்தான். 'பை மண்டே' என்று நோட்டீஸில் இருப்பதை 'அன்டில் மண்டே' என்று எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை சாயங்காலம் ஃபாரத்தோடு போய் நிற்பார்கள். கவுண்டர் மதியமே மூடியிருக்கும்.

மாலை வகுப்பில் இந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. விதிகள் அதிகம் இல்லை. எதை முதலில் கேட்பது, எதை அடுத்துக் கேட்பது என்ற வரிசை தெரியாததுதான் சிக்கல். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். இடையில் தாண்டாமல் படியுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிழமை, மாதப் பெயர்களை எழுத்துப் பிழையில்லாமல் எழுத வரவேண்டும். ஏஎம், பிஎம் இரண்டும் குழம்பக் கூடாது. ஷிஃப்ட் பட்டியலில் 1900 என்று போட்டிருந்தால் அது இரவு 7 மணி என்று பார்த்ததும் தெரியவேண்டும். இவை தடுமாறினால் முன்னிடைச்சொல் (அட், ஆன், இன் போல நேரத்துக்கு முன்னால் வரும் சின்னச் சொல்) சரியாக இருந்தும் பயனில்லை.

ஒரு நோட்டும், உங்கள் வீட்டிலேயே கிடக்கிற ஓர் ஆங்கிலத் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் பட்டியல், கிளினிக் கார்டு, பள்ளியிலிருந்து வந்த கடிதம், எது இருந்தாலும் சரி. உங்கள் வாழ்க்கையைத் தொடும் தேதிகள் அதில் இருப்பதால் மனத்தில் நிற்கும். பயிற்சிப் புத்தகத்தில் வரும் ரயிலும் பனிமழையும் நிற்பதில்லை.

இங்கே ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நோட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். கண்ணுக்கும் அந்தச் சொற்கள் பழக வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: 'க்கு என்றால் அட், இல் என்றால் இன்' என்று அட்டவணை போடாதீர்கள். தமிழில் 'எட்டு மணிக்கு' என்கிறோம், 'மே மாதத்தில்' என்கிறோம், 'திங்கட்கிழமை வா' என்று எதுவுமே ஒட்டாமலும் சொல்கிறோம். மலாயில் இன்னும் சுலபம். 'பாடா புக்குல் லாப்பான்', 'பாடா ஹாரி இஸ்னின்', 'பாடா புலான் மெய்' என்று மணி, நாள், மாதம் மூன்றுக்கும் ஒரே 'பாடா'. அந்தப் பழக்கத்தில்தான் நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் போடுகிறார்கள். பெரும்பாலும் அது 'இன்' ஆக இருக்கிறது.

2. எதுவுமே வேண்டாத இடங்களை முதலில் ஒதுக்குங்கள்

எல்லாப் பாடமும் அட், ஆன், இன்னில்தான் தொடங்கும். நான் இங்கே தொடங்குவேன். சீக்கிரம் பிடிபடும், பாதிப் பிழை இதிலேயே போய்விடும்.

நேரச் சொல்லுக்கு முன்னால் லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ், எவ்ரி ஆகிய நான்கில் ஒன்று வந்தால் முன்னிடைச்சொல் போடக்கூடாது. 'ஐ வில் கம் நெக்ஸ்ட் மண்டே'. 'ஷி ஜாயின்ட் லாஸ்ட் இயர்'. 'வீ ஹேவ் அ மீட்டிங் எவ்ரி டியூஸ்டே'. இவற்றில் 'ஆன் நெக்ஸ்ட் மண்டே', 'இன் லாஸ்ட் இயர்', 'ஆன் எவ்ரி டியூஸ்டே' என்று நுழைப்பதுதான் அடிக்கடி பார்க்கும் பிழை. எந்த நாள், எந்த ஆண்டு என்று சுட்டும் வேலையை அந்த நான்கு சொற்களே செய்துவிடுகின்றன.

யெஸ்டர்டே, டுடே, டுமாரோ, டுநைட் ஆகியவையும் இப்படித்தான். 'டுமாரோ மார்னிங்' போதும், 'இன் டுமாரோ மார்னிங்' வேண்டாம். நேற்று இரவைச் சொல்ல இங்கே எல்லோரும் 'யெஸ்டர்டே நைட்' என்கிறோம். பேச்சில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் எழுத்தில் 'லாஸ்ட் நைட்' என்று எழுதுங்கள். 'யெஸ்டர்டே மார்னிங்', 'யெஸ்டர்டே ஈவ்னிங்' இரண்டும் சரி.

ஒரு பொறி இருக்கிறது. லாஸ்ட்டுக்கு முன்னால் 'தி' வந்தால் முன்னிடைச்சொல் திரும்பி வந்துவிடும். 'ஆன் தி லாஸ்ட் ஃப்ரைடே ஆஃப் தி மந்த்' என்றால் மாதத்தின் கடைசி வெள்ளி. 'லாஸ்ட் ஃப்ரைடே' என்றால் போன வெள்ளி. ஒன்று சம்பள நாளாக இருக்கலாம், மற்றது ஏற்கெனவே போய்விட்ட நாள்.

3. அட், ஆன், இன்: எது சிறிய அளவு என்று பாருங்கள்

மணிக்கு அட். நாளுக்கு ஆன். நாளைவிடப் பெரியது எதுவானாலும் இன். வாரம், மாதம், ஆண்டு, பத்தாண்டு எல்லாம் இன்னுக்குள் வரும்.

'அட் 6.30 ஏஎம்', 'அட் நூன்', 'அட் மிட்நைட்'. 'ஆன் மண்டே', 'ஆன் 31 ஆகஸ்ட்', 'ஆன் மை பர்த்டே'. 'இன் ஆகஸ்ட்', 'இன் 1957', 'இன் தி ஃபர்ஸ்ட் வீக்'.

இவ்வளவு தெரிந்த பிள்ளைகளும் 'இன் 31 ஆகஸ்ட்' என்று எழுதுகிறார்கள். கண்ணில் முதலில் படுவது ஆகஸ்ட், அது மாதம், அதனால் இன். அப்படி ஓடுகிறது கணக்கு. ஒரே தேதிக்குள் நாளும் மாதமும் ஆண்டும் இருந்தால் அவற்றில் எது சிறியது என்று பாருங்கள். '31 ஆகஸ்ட் 1957' என்பதில் சிறியது நாள். ஆகவே 'ஆன் 31 ஆகஸ்ட் 1957'. நாளை எடுத்துவிட்டால் 'இன் ஆகஸ்ட் 1957'. மாதத்தையும் எடுத்துவிட்டால் 'இன் 1957'.

மணியையும் நாளையும் சேர்த்துச் சொன்னால் இரண்டுக்கும் தனித்தனியே போட வேண்டும்: 'அட் 8 ஏஎம் ஆன் மண்டே'. இதில் ஆன் விடுபட்டாலும் புரியும், அட் விடுபட்டால் கொஞ்சம் இடிக்கும்.

இன்னொன்று. முன்னிடைச்சொல் செயலோடு வருவது, விடையோடு அல்ல. வேலையை விடும் கடிதத்தில் 'மை லாஸ்ட் டே வில் பீ 30 ஜூன்' என்று எழுதினால் போதும். 30 ஜூன் என்பதே அந்த நாள், அதனால் ஆன் தேவையில்லை. 'ஐ வில் லீவ் ஆன் 30 ஜூன்' என்று செயலாகச் சொன்னால் ஆன் வேண்டும்.

4. காலை, இரவு, வார இறுதி, பண்டிகை

இங்கே விதி கொஞ்சம் வளைகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மிச்சம் பழக்கத்தில் வரும்.

காலை, மதியம், மாலை மூன்றுக்கும் இன்: 'இன் தி மார்னிங்', 'இன் தி ஆஃப்டர்நூன்', 'இன் தி ஈவ்னிங்'. இரவுக்கு மட்டும் 'அட் நைட்'. அதில் 'தி' கிடையாது. 'இன் தி நைட்' என்பதும் உண்டு. அது இரவின் நடுவே ஏதோ நடந்தது என்று சொல்லும்போது வரும்: 'தி பேபி வோக் அப் ட்வைஸ் இன் தி நைட்'. இரவு வேலை பார்ப்பதைச் சொல்ல 'ஐ ஒர்க் அட் நைட்'.

நாளின் பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டால் எல்லாமே ஆன் ஆகிவிடும். 'ஆன் மண்டே மார்னிங்', 'ஆன் சண்டே நைட்', 'ஆன் தி நைட் ஆஃப் 30 ஆகஸ்ட்'. நாள்தான் இங்கே தலைமை. 'இன் மண்டே மார்னிங்' என்பது வகுப்புக்கு வருகிற ஒவ்வொரு புதியவரும் ஒருமுறையாவது எழுதுவது.

வார இறுதிக்கு பிரிட்டிஷ் வழக்கில் 'அட் தி வீக்கெண்ட்', அமெரிக்க வழக்கில் 'ஆன் தி வீக்கெண்ட்'. எது எழுதினாலும் சரி, ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பண்டிகைக்கு: அந்த ஒரு நாளைச் சொன்னால் ஆன், அந்தச் சமயத்தைப் பொதுவாகச் சொன்னால் அட். 'ஆன் தீபாவளி டே வீ கோ டு தி டெம்பிள்'. 'மை பிரதர் கம்ஸ் ஹோம் அட் தீபாவளி' என்றால் அதற்கு முன்பின் ஒன்றிரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. தைப்பூசத்துக்கும் பொங்கலுக்கும் இப்படியே.

ஷிஃப்டுக்கு எப்போதும் ஆன்: 'ஐ ஆம் ஆன் மார்னிங் ஷிஃப்ட் திஸ் வீக்'. இதற்குக் காரணம் தேடாமல் அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

5. பை, அன்டில்: இங்கே நிதானமாக இருங்கள்

இந்த இரண்டில் தப்பினால் பணமும் வேலையும் போகும். மற்றவற்றில் தப்பினால் ஆங்கிலம் கொஞ்சம் கோணலாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் இதற்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் செயல் அந்த நேரம்வரை நடந்துகொண்டே இருக்குமா, இல்லை அதற்கு முன்னால் ஒரே தடவை நடந்து முடிந்துவிடுமா? நடந்துகொண்டே இருந்தால் அன்டில். ஒரே தடவை முடிந்தால் பை.

காத்திருப்பது, தங்குவது, திறந்திருப்பது, செல்லுபடியாவது எல்லாம் நீளும் செயல்கள். 'தி ஆபீஸ் இஸ் ஓப்பன் அன்டில் 5 பிஎம்'. 'யுவர் பாஸ் இஸ் வேலிட் அன்டில் டிசம்பர்'. ஃபாரம் கொடுப்பது, கட்டணம் கட்டுவது, வந்து சேர்வது எல்லாம் ஒரே தடவை முடிபவை. 'சப்மிட் தி ஃபார்ம் பை மண்டே'. 'பே பை 15 மார்ச்'.

'சப்மிட் தி ஃபார்ம் அன்டில் மண்டே' என்று எழுதினால், திங்கள்வரை ஃபாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னதாகிவிடும். 'வெய்ட் ஹியர் பை 5' என்பதும் அப்படித்தான், காத்திருப்பது ஒரு நொடியில் முடிகிற வேலையா?

தமிழ் இங்கே பாதி உதவும், பாதி கெடுக்கும். அன்டிலுக்கு 'வரை' நன்றாகப் பொருந்துகிறது. 'ஐந்து மணி வரை திறந்திருக்கும்' என்று தமிழில் சொல்ல முடிந்தால் ஆங்கிலத்தில் அன்டில்தான். கெடுப்பது 'க்குள்'. 'திங்கட்கிழமைக்குள் கொடு' என்பதை 'விதின் மண்டே' என்றும் 'பிஃபோர் மண்டே' என்றும் எழுதுகிறார்கள். விதின் ஒரு நாளோடு சேராது, கால அளவோடுதான் சேரும். அதை எட்டாம் பகுதியில் பார்ப்போம். பிஃபோர் மண்டே என்றால் திங்கள் கணக்கில் இல்லை, ஞாயிறோடு கெடு முடிகிறது. பை மண்டே என்றால் திங்களும் சேர்த்தி.

மலாய் நோட்டீஸ்களில் 'செபெலும் அத்தாவ் பாடா 31 மாச்' என்று பார்த்திருப்பீர்கள். 31ஆம் தேதியோ அதற்கு முன்போ என்று பொருள். ஆங்கிலத்தில் 'பை 31 மார்ச்' சொல்வது அதைத்தான். அலுவலகத் தாளில் 'ஆன் ஆர் பிஃபோர்' என்றோ 'நாட் லேட்டர் தேன்' என்றோ வரும், மூன்றுக்கும் ஒரே பொருள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் சம்பளத்துக்குக் கெடு சொல்வதும் இந்தப் பாணியில்தான்: சம்பளக் காலத்தின் கடைசி நாளுக்குப் பிறகு வரும் ஏழாம் நாளைத் தாண்டக் கூடாது. மாதம் 30ஆம் தேதியோடு முடிந்தால் 'பை தி செவன்த்' சம்பளம் கைக்கு வந்திருக்க வேண்டும். ஏழாம் தேதியும் அந்தக் கெடுவுக்குள்தான், எட்டாம் தேதி கெடு தாண்டியது.

அன்டிலோடு 'நாட்' சேரும்போது சிலர் மிரள்கிறார்கள். 'தி கவுண்டர் வில் நாட் ஓப்பன் அன்டில் 10'. பத்து மணி வரை திறக்காது, அதாவது பத்துக்குத் திறக்கும். தமிழ் அமைப்பும் இதேதான், பயப்பட ஒன்றுமில்லை.

பையோடு 'நாட்' சேர்ந்தால் எச்சரிக்கைத் தொனி வரும்: 'இஃப் தி பஸ் இஸ் நாட் ஹியர் பை 6, கால் மி'. ஆறு ஆகியும் பஸ் வரவில்லை என்றால் கூப்பிடு.

விடுப்புக் கடிதத்தில் 'ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் வெட்னஸ்டே' என்று எழுதாதீர்கள். இலக்கணம் சரிதான். ஆனால் புதன் அன்று வருவீர்களா, வியாழனா என்று படிப்பவருக்கு உறுதியாகத் தெரியாது. 'ஐ வில் பீ பேக் ஆன் தர்ஸ்டே' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சூப்பர்வைசர் ஆள் போடுவது திரும்பி வரும் நாளைப் பார்த்துத்தான்.

6. ஃப்ரம், சின்ஸ், ஃபார்: வேலை நேர்காணலில் மாட்டும் இடம்

'ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஒர்க்கிங்?' என்று கேட்பார்கள். வருகிற பதில்: 'ஐ ஆம் ஒர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'. இதில் பிழை இரண்டு.

முதல் பிழை சின்ஸ். அதற்குப் பின்னால் தொடங்கிய புள்ளி வரவேண்டும்: 'சின்ஸ் 2019', 'சின்ஸ் மண்டே', 'சின்ஸ் ஐ லெஃப்ட் ஸ்கூல்'. நீளத்தைச் சொல்வதற்கு ஃபார்: 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்', 'ஃபார் டூ ஹவர்ஸ்'. 'அஞ்சு வருஷத்துல இருந்து' என்று பேச்சில் சொல்லிப் பழகியதால் 'இருந்து' என்பதற்குச் சின்ஸ் வந்து விழுகிறது.

இந்த இடத்தில் மலாயைத் துணைக்கு அழையுங்கள். 'பாடா' கெடுத்ததை மலாய் இங்கே ஈடுகட்டுகிறது. 'செஜாக் 2019' என்று சொல்ல வருமானால் சின்ஸ். 'செலாமா லீமா தாஹுன்' என்று வருமானால் ஃபார். மலாய்ப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும், பிறகு குழம்புவதில்லை.

இரண்டாவது பிழை காலம். தமிழில் '2019 முதல் இங்கே வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு 'ஹேவ்' வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' அல்லது 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்'.

'ஐ ஒர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் கேட்பவர் நீங்கள் வேலையை விட்டுவிட்டதாக நினைப்பார். இப்போதும் அங்கேயே இருப்பவர் இப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி 'ஏன் விட்டீர்கள்?' என்று வரும். 'ஐ ஒர்க் ஹியர் ஃபைவ் இயர்ஸ் ஆல்ரெடி' என்பது நம்மூர்ப் பேச்சு. கேன்டீனில் அது நன்றாகவே ஓடும், விண்ணப்பத்தில் ஓடாது.

அப்படியானால் ஃப்ரம் எங்கே? தொடக்கம், முடிவு இரண்டையும் சொல்லும்போது: 'ஐ ஒர்க்ட் இன் அ மில் ஃப்ரம் 2016 டு 2019'. இது முடிந்துபோன வேலை, அதனால் 'ஒர்க்ட்' சரி. இனிமேல் தொடங்கப்போவதற்கும் ஃப்ரம்: 'ஃப்ரம் நெக்ஸ்ட் மந்த், தி பஸ் வில் லீவ் அட் 5.45'. கடிதத்தில் 'வித் எஃபெக்ட் ஃப்ரம் 1 மார்ச்' என்று பார்த்தால், மார்ச் 1 முதல் அமலுக்கு வருகிறது என்று பொருள்.

7. டியூரிங்

டியூரிங் எப்போது நடந்தது என்று சொல்லும், ஃபார் எவ்வளவு நேரம் என்று சொல்லும். டியூரிங்குக்குப் பின்னால் ஒரு நிகழ்வின் பெயர் வரும்: 'டியூரிங் தி மீட்டிங்', 'டியூரிங் தி ஸ்கூல் ஹாலிடேஸ்'. எண் வரக்கூடாது. 'டியூரிங் த்ரீ டேஸ்' என்று எழுதிவிட்டால் அடித்துவிட்டு 'ஃபார் த்ரீ டேஸ்' என்று எழுதுங்கள்.

இதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

8. இனி நடப்பது: இன், ஆஃப்டர், விதின்

'பத்து நிமிஷம் கழித்து வருகிறேன்' என்பதை நம்மவர்கள் 'ஐ வில் கம் ஆஃப்டர் டென் மினிட்ஸ்' என்று எழுதுவார்கள். புரியும். ஆனால் இப்போதிலிருந்து எண்ணும்போது ஆங்கிலத்தில் இயல்பாக வருவது இன்: 'ஐ வில் கம் இன் டென் மினிட்ஸ்'. இதைக் கேட்கும் நம்மவர் பத்து நிமிஷத்துக்குள் வந்துவிடுவார் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. அப்படியில்லை, பத்து நிமிஷம் முடியும் தறுவாயில் வருவார்.

ஆஃப்டருக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று, நிகழ்வுக்குப் பின்: 'ஆஃப்டர் லஞ்ச்', 'ஆஃப்டர் தி ஷிஃப்ட்'. இன்னொன்று, நடந்து முடிந்த கதையைச் சொல்வது: 'ஆஃப்டர் டென் மினிட்ஸ், தி டாக்டர் கேம் அவுட்'.

விதின்தான் உண்மையான 'க்குள்'. அதற்குப் பின் கால அளவு வரும், அந்த அளவைத் தாண்டக் கூடாது. செம்பனைக் குலையை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைக்க வேண்டும் என்பார்கள். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதை இப்படிச் சொல்லலாம்: 'தி ஃப்ரூட் மஸ்ட் பீ ப்ராசஸ்ட் விதின் 24 ஹவர்ஸ்'. இங்கே 'இன் 24 ஹவர்ஸ்' என்று எழுதினால், நாளை இதே நேரம் வேகவைக்கலாம் என்று ஒருவர் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. 'பை 24 ஹவர்ஸ்' என்பது கிடையவே கிடையாது. கடிகாரத்தைக் காட்டிச் சொல்வதானால் 'பை 10 ஏஎம் டுமாரோ'.

சுருக்கமாக நோட்டில் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள்: பையோடு புள்ளி, விதினோடு நீளம்.

கிளினிக் கார்டிலும் இதைச் சோதித்துப் பாருங்கள். இரத்தப் பரிசோதனைக்கு 'ஃபாஸ்ட் ஃபார் 8 ஹவர்ஸ் பிஃபோர் தி டெஸ்ட்' என்று எழுதியிருந்தால், ஃபார் எவ்வளவு நேரம் சாப்பிடக் கூடாது என்று சொல்கிறது, பிஃபோர் எதற்கு முன்னால் என்று சொல்கிறது. பரிசோதனை காலை 8 மணிக்கு என்றால் நள்ளிரவுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. மருந்துப் பையில் 'எவ்ரி 8 ஹவர்ஸ் ஃபார் 5 டேஸ்' என்று இருந்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐந்து நாளைக்கு. வீட்டில் தாத்தா பாட்டிக்கு இதைப் படித்துச் சொல்வது பெரும்பாலும் பிள்ளைகள்தான், அதனால் வகுப்பில் இந்த ஒரு வரியை நான் விடுவதில்லை.

9. ஆன் டைம், இன் டைம். அட் தி எண்ட், இன் தி எண்ட்

ஆன் டைம் என்றால் குறித்த நேரத்துக்குச் சரியாக. பஸ் 5.45க்கு என்று போட்டு 5.45க்கு வந்தால் 'தி பஸ் கேம் ஆன் டைம்'. இன் டைம் என்றால் தவறவிடாத அளவுக்கு முன்னால். ஓடிப்போய்ப் பிடித்தீர்களா, 'ஐ வாஸ் இன் டைம் ஃபார் தி பஸ்'.

அட் தி எண்டுக்குப் பின்னால் 'ஆஃப்' வந்து எதன் முடிவு என்று சொல்லும்: 'அட் தி எண்ட் ஆஃப் தி மந்த்'. இன் தி எண்ட் தனியாக நிற்கும், பலதும் நடந்து கடைசியில் என்று பொருள்: 'இன் தி எண்ட், ஹீ டுக் தி ஜாப்'. 'இன் தி எண்ட் ஆஃப் தி மந்த்' என்பது பிழை. கெடுவாகச் சொன்னால் 'பை தி எண்ட் ஆஃப் தி மந்த்'.

10. ஒரு செய்தியை எடுத்துத் திருத்திப் பாருங்கள்

விடுப்புக் கேட்டு சூப்பர்வைசருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி. வகுப்பில் வருவதுபோல ஒன்றை எழுதியிருக்கிறேன் (எம்சி என்பது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ்):

'சார், ஐ ஆம் சிக் சின்ஸ் டூ டேஸ். டாக்டர் கிவ் எம்சி அன்டில் வெட்னஸ்டே. ஐ வில் சப்மிட் தி எம்சி விதின் தர்ஸ்டே. ஐ வில் கம் பேக் இன் தர்ஸ்டே மார்னிங்.'

வரி வரியாகப் போங்கள். ஒவ்வொரு நேரச் சொல்லிலும் நின்று இந்த வரிசையில் கேளுங்கள்: லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ், எவ்ரி இருக்கிறதா? இல்லையென்றால், இது புள்ளியா, நீளமா? புள்ளி என்றால், அந்த நேரத்தில் நடப்பதா, அதுவரை நீள்வதா, அதற்குள் முடிவதா?

'டூ டேஸ்' நீளம், ஆகவே ஃபார். இன்னும் உடம்பு சரியில்லை, ஆகவே 'ஹேவ் பீன்'. எம்சி நீளும், அன்டில் இருக்கலாம், ஆனால் தொடக்கத்தையும் சேர்த்தால் சந்தேகம் வராது. கொடுப்பது ஒரே தடவை முடிவது, கெடு ஒரு நாள், ஆகவே பை. வியாழன் காலையில் நாளின் பெயர் ஒட்டியிருக்கிறது, ஆகவே ஆன்.

'சார், ஐ ஹேவ் பீன் சிக் ஃபார் டூ டேஸ். தி டாக்டர் கேவ் மி அன் எம்சி ஃப்ரம் மண்டே டு வெட்னஸ்டே. ஐ வில் சப்மிட் இட் பை தர்ஸ்டே. ஐ வில் பீ பேக் ஆன் தர்ஸ்டே மார்னிங்.'

இப்போது உங்கள் ஃபோனில் ஏற்கெனவே அனுப்பிய பழைய செய்திகளை எடுத்து இதேபோல் திருத்துங்கள். மற்றவருடைய பிழையைத் திருத்துவதைவிட இதில் பலன் அதிகம், ஏனென்றால் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பச் செய்வது ஒன்றிரண்டு பிழைகளைத்தான்.

11. முன்னிடைச்சொல் சரியாக இருந்தும் குழப்பம் வரும் இடங்கள்

நள்ளிரவு முதலாவது. 'அட் மிட்நைட் ஆன் ஃப்ரைடே' என்றால் வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் நேரமா, வெள்ளி முடியும் நேரமா? ஆங்கிலேயர்களுக்கே இதில் ஒரே கருத்து இல்லை. கெடுவாக இருந்தால் '11.59 பிஎம் ஆன் ஃப்ரைடே' என்று எழுதிவிடுங்கள். இரவு ஷிஃப்ட் ஞாயிறு இரவு தொடங்கித் திங்கள் காலை முடிகிறதென்றால் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'ஃப்ரம் 7 பிஎம் ஆன் சண்டே டு 7 ஏஎம் ஆன் மண்டே'.

அடுத்தது 'நெக்ஸ்ட் ஃப்ரைடே'. இன்று புதன் என்றால் நாளை மறுநாளா, அதற்கடுத்த வெள்ளியா? இருவர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வார்கள். கிழமையோடு தேதியையும் எழுதுங்கள்.

கடைசியாக வார இறுதி. கெடாவில் அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. எல்லை தாண்டிப் பினாங்கு போனால் சனி, ஞாயிறு. பாடாங் செராயிலிருந்து பட்டர்வொர்த்தில் இருப்பவருக்கு 'அட் தி வீக்கெண்ட்' என்று எழுதினால் அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கலாம், அன்று நம் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'ஆன் சாட்டர்டே' என்று நாளையே எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சனி விடுமுறைதான்.